மோட்டார் ஓடவில்லை, ஏன்?

ஜூன் 3, காலை
(வாசகர் ஒருவர்)

மோட்டார் ஓடவில்லை, என்ன காரணமாக இருக்கும் என்று இந்த மோட்டார் குழுவில் நேற்று கேட்டேன். ஒரு வரிக் கேள்வி. அதற்கு என்ன மோட்டார், எத்தனை எச்.பி., எத்தனை அடி, கடைசியாக எப்போது ஓடியது என்று திருப்பிப் பத்துக் கேள்வி. தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாதவர்கள் சும்மா இருங்கள். கேட்பதற்குக் கூடவா விதி? தென்னைக்குத் தண்ணீர் விட்டு மூன்று நாள் ஆகிறது.

ஜூன் 3, மதியம்

அந்தப் பத்தில் ஏழு கேள்வி என்னுடையது. அதனால் நானே பதில் சொல்கிறேன்.

இருபத்தேழு வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே "மோட்டார் ஓடலீங்க" என்பார்கள். பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை என்றாலும் அது ஓடவில்லைதான். ம்ம்ம் என்று முனகுகிறது, சுற்றவில்லை என்றாலும் ஓடவில்லைதான். நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை, அதற்கும் "ஓடலீங்க". ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. அதற்கும் அதே சொல். முதலாவதற்கு ஃபியூசையும் லைனையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டன்சரைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பம்புக்குள் சுற்றும் சக்கரமான இம்பெல்லர் எங்கேயோ பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவதில் மோட்டாருக்குக் கோளாறே இல்லை, குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் இருக்கலாம். நான்காவது, சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே. எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை.

தம்பி ஒரு வரியில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் இதோ: எதுவாகவும் இருக்கலாம்.

ஜூன் 3, இரவு

கடைசி வரி கொஞ்சம் துடுக்காகப் போய்விட்டது. அழிக்கவில்லை, இருக்கட்டும். மூன்று நாள் தண்ணீர் இல்லாத தோப்பைப் பார்த்தவன்தான் நானும்.

ஜூன் 4

கேட்பதற்கு விதியா என்றதும் எனக்கு எங்கள் தமிழய்யா நினைவு வந்தது. பட்டறைக்கு அடுத்த வீடு. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் நாலரைக்கு வந்து என் பெஞ்சில் உட்காருவார். வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர்கள் போனதும் ஒரு சொல் சொல்வார்.

"குன்றக் கூறல்." தேவையானதைக்கூடச் சொல்லாமல் குறைத்துச் சொல்வது.

இன்னொருவர் வருவார். போர்வெல் எப்போது போட்டது, அப்போது அண்ணன் தம்பி சண்டை எப்படி ஆரம்பித்தது, மாமனார் என்ன சொன்னார் எல்லாம் சொல்லிவிட்டு, மோட்டாரைப் பற்றிச் சொல்லாமலே டீக்கு எழுந்துவிடுவார். "மற்றொன்று விரித்தல்" என்பார் அய்யா.

நன்னூலில் பத்துக் குற்றம் என்று ஒரு நூற்பா இருக்கிறது. ஒரு நூலில் இருக்கக்கூடாதவை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். 13ஆம் நூற்றாண்டு. பவணந்தி முனிவர் எங்கள் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொள்வோம். நூல் எழுதுகிறவனுக்குச் சொன்னது மோட்டார் ரிப்பேருக்கு எப்படிப் பொருந்துகிறது என்று அய்யாவிடம் கேட்டேன். "நீ ரிப்பேர் செய்வது பேச்சைத்தானே முதலில்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. மல்டிமீட்டர் வைத்திருப்பவனுக்குப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன்.

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ஆறு வகை விடையும் அதே நூல்தான்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

தவறு. ஆறு என்பது வினா. விடை எட்டு. ஒருவர் உடனே திருத்தினார், நன்றி.

திருத்தியவர் இன்னொன்றும் சொன்னார்: அந்த எட்டில் சுட்டு, மறை, நேர் மூன்றும்தான் நேரடிப் பதில். மற்ற ஐந்தும் சுற்றி வருகிறவை. ஆனால் அவையும் விடைதான் என்று நன்னூலே ஒப்புக்கொள்கிறது. சரிதான். "உனக்கு மோட்டார் பார்க்கத் தெரியுமா?" என்றால் "மிக்சி பார்ப்பேன்" என்பது இனமொழி விடை, கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. நேரில் சிரித்துவிட்டுப் போய்விடலாம். தோப்பு காய்ந்துகொண்டிருக்கிறவனிடம் சொன்னால் அடிக்க வருவான். "எங்கள் ஊரிலும் இப்படித்தான் ஒரு மோட்டார் நின்றது" என்று ஆரம்பித்து அதன் கதையை முடிக்காமல் விடுவதும் இதில்தான் சேரும்.

வினா ஆறில் எனக்குப் பிடித்தது அறிவினா. தனக்குத் தெரிந்ததையே, எதிராளிக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. ஆசிரியருக்கு அது தொழில். எங்கள் மோட்டார் குழுவில் இரண்டு பேருக்கு அது பொழுதுபோக்கு. "ஸ்டார் டெல்டாவுக்கும் டிஓஎல்லுக்கும் என்ன வித்தியாசம், யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்" என்று, மோட்டாரைத் தொடங்கும் இரண்டு முறைகளைப் பற்றி, அடுத்தவன் கேள்விக்கு நடுவில் வந்து நிற்பார்கள். கேட்டவன் கேள்வி மேலே போய்விடும். அவ்வளவுதான்.

ஜூன் 5

ஒருவர் கேட்கிறார்: "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதுவது தப்பா?

வெறுமே எழுதினால் கூறியது கூறல். என்ன மோட்டார், உங்களுக்கு எப்போது ஆரம்பித்தது என்று எழுதினால் அது சாட்சி. இரண்டு தோப்பில் ஒரே நாளில் நின்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, லைனில் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

"தனியாக வாங்க, சொல்கிறேன்" என்று கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். தனியாக என்ன சொன்னார், அது சரியா, ஆபத்தா, யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் இதே கோளாறோடு வருகிறவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூன் 6

குன்றக் கூறலால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2011. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர். 400 அடி போரில், தண்ணீருக்குள் இறக்கும் த்ரீ பேஸ் சப்மர்சிபிள் மோட்டார். "ஓடுதுங்க, தண்ணி பாதிதான் வருது" என்றார். பாதித் தண்ணீர் என்றால் ஒன்று நீர்மட்டம் இறங்கியிருக்க வேண்டும், அல்லது பம்பு தேய்ந்திருக்க வேண்டும், அல்லது நடுவில் பைப் ஓட்டை. வெயில் காலம் இல்லை, மட்டம் இறங்க நியாயமில்லை. மேலே எடுத்துவிடலாம் என்றேன்.

போர் மோட்டாரை எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபது அடி பைப் இருபது. ஒவ்வொன்றாக ஏற்றி, கிளாம்ப் போட்டுப் பிடித்து, சங்கிலியில் தொங்கவிட்டு, கழற்றி, அடுக்கி. கேபிள் கூடவே வரும், அதை உரசாமல் சுற்ற ஓர் ஆள். ஐந்து பேர், விடிந்ததிலிருந்து மதியம் வரை. எடுத்துப் பார்த்தால் பம்பு புதிது போல் இருந்தது. பைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை கூட இல்லை. திரும்ப இறக்கினோம். அதே பாதித் தண்ணீர்.

விஷயம் இதுதான்: நான்கு நாள் முன்னால் லைனில் வேலை நடந்து வயர் இடம் மாறிவிட்டது. மூன்று பேஸின் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தலைகீழாகச் சுற்றினாலும் பம்பு கொஞ்சம் தண்ணீர் தள்ளும், அதனால்தான் ஏமாந்தோம். ஸ்டார்ட்டரில் இரண்டு வயரை மாற்றிப் போட்டேன். ஐந்து நிமிடம். தண்ணீர் குழாய் வாயை அடைத்துக்கொண்டு வந்தது. லைனில் வேலை நடந்ததை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் கூலி ஆறாயிரம் ரூபாய் மிச்சம்.

அதனால்தான் பத்துக் கேள்வி கேட்கிறோம் தம்பி.

ஜூன் 7, விடியற்காலை

நேற்று எழுதியது தூங்கவிடவில்லை. பாதியைத்தான் சொன்னேன்.

வயர் மாறியதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அப்போது என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். வயது பதினெட்டு. எல்லோரும் போர் வாயைச் சுற்றி நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அவன் கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்தபடி, "ஏனுங்க, லைன்ல ஏதாச்சும் வேலை நடந்துச்சுங்களா?" என்று கேட்டான். விவசாயி, "ஆமாங்க, திங்கக்கெழம கம்பத்துல ஏறுனாங்க" என்றார். நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

கம்பத்தில் ஏறியதற்கும் தன் போர் மோட்டாருக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? சம்பந்தம் தெரிந்தவன் நான். குன்றக் கூறியது அவர் இல்லை, குன்றக் கேட்டது நான். அந்த ஆறாயிரத்தில் பாதியை நான் கொடுத்தேன். அதையும் நேற்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கதை எனக்குச் சாதகமாக இருந்திருக்காது.

இப்போது யார் கேட்டாலும் என் முதல் கேள்வி, "கடைசியா நல்லா ஓடுனதுக்கும் இப்போதைக்கும் நடுவுல என்ன நடந்தது?" மழை, இடி, லைன் வேலை, புது வயர், மாடு கேபிளை மிதித்தது, எதுவானாலும் சரி. மற்ற ஆறு கேள்வியை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன்.

ஜூன் 7, மாலை

"அப்படியானால் கேட்பவன் மேல் தப்பே இல்லையா?" என்று ஒருவர்.

இருக்கிறது. மோட்டார் உடம்பில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். எச்.பி., வோல்ட், ஆம்ப்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுப்பது அவன் வேலை. எங்களுக்கு வருகிற போட்டோவில் பாதி, பெருவிரலும் கிணற்று மேடும். போன வருடம் ஒருவர் அனுப்பிய படத்தில் மோட்டாரைத் தவிர எல்லாம் இருந்தது, அவருடைய பூனை உட்பட. நல்ல பூனை.

குரல் பதிவு அனுப்பாதீர்கள், எழுதுங்கள் என்று ஒரு காலத்தில் நான் சண்டை போட்டேன். நான்கு நிமிடப் பதிவில் மூன்றரை நிமிடம் "அது வந்துங்க" இருக்கும். இப்போது கொஞ்சம் மாறிவிட்டேன். நீங்கள் பேச வேண்டாம், மோட்டார் பேசட்டும். போனை மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்து, போட்டதிலிருந்து நிறுத்தும் வரை இருபது வினாடி. பேரிங் போனால் அந்தக் கரகர வேறு. இம்பெல்லர் உரசினால் வேறு. ஒரு பேஸ் இல்லாமல் நின்றபடி உறுமுவது இன்னொன்று. எழுத்தில் எல்லாமே "ஒரு மாதிரி சத்தம்" என்றுதான் வரும்.

ஜூன் 8

மரியாதை பற்றிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் ஒருவரிடம் "நீங்கள் சொன்னதைச் செய்தால் ஆள் செத்துவிடுவான்" என்று எழுதினேன். கடுமையாக இருக்கிறது என்கிறார்கள்.

அவர் சொன்னது இது: மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) முனகுகிறதா, மெயினை நிறுத்திவிட்டு, கண்டன்சரைக் கழற்றி, கையோடு கடைக்குக் கொண்டு போ. கேட்பதற்கு நல்ல யோசனை. மெயினை நிறுத்தினாலும் கண்டன்சர் உள்ளே மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் தூக்கி எறியும். ஈரத்தரையில், கிணற்று மேட்டில் நிற்கிறவனுக்கு அந்த உதறல் போதும், உள்ளே விழ. இதை "ஐயா, சற்றே பரிசீலிக்கவும்" என்றா எழுதுவது? அடுத்த ஆள் படித்துவிட்டுக் கழற்றப் போய்விடுவான்.

ஆனாலும் அய்யா சொன்ன ஒன்று உறுத்துகிறது. நன்னூலில் ஏழு மதம் என்று ஒன்று உண்டு (மதம் என்றால் இங்கே கொள்கை), ஒரு கருத்தை எப்படி எல்லாம் எதிர்கொள்ளலாம் என்பது. முதலாவது உடன்படல், இரண்டாவது மறுத்தல். பக்கத்துப் பக்கத்தில், சம அந்தஸ்தில். மறுப்பது மரியாதைக் குறைவு இல்லை. மூன்றாவது, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவது. அவன் சொன்னதை முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் தள்ளுவது. இன்னொன்று பிறர் நூற் குற்றம் காட்டல். "நூலின் குற்றம்தான், ஆளின் குற்றம் என்று எங்கேயாவது இருக்கிறதா பார்" என்பார் அய்யா. ஏழிலும் தேடினேன், இல்லை.

அப்படிப் பார்த்தால் நான் இப்படி எழுதியிருக்க வேண்டும்: கண்டன்சர் என்ற உங்கள் ஊகம் சரியாக இருக்கலாம். கழற்றும் முன் மெயினை நிறுத்தி, பின்பக்க மூடியைத் திறந்து விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாகச் சுற்றினால் கண்டன்சரை எலக்ட்ரீஷியன் கழற்றட்டும். சுற்றவில்லையென்றால் கோளாறு கண்டன்சரில் இல்லை, பம்பு பிடித்திருக்கிறது.

நாலு வரி. செத்துவிடுவான் என்பது ஒரு வரி. ஆபத்து என்றால் அந்த ஒரு வரியை முதலில் போட்டுவிட்டு, இந்த நாலு வரியைக் கீழே எழுதுவேன். இதற்கு மேல் இறங்கி வர முடியாது.

ஜூன் 9

வாசகத் தம்பியிடமிருந்து சத்தமில்லை. மோட்டார் ஓடிவிட்டதா, வேறு ஆளைக் கூப்பிட்டாரா, தெரியாது.

ஜூன் 13

இன்றும் இல்லை. அய்யா இருந்தால் "சென்று தேய்ந்து இறுதல்" என்பார். அது நடையைப் பற்றியது, ஓங்கித் தொடங்கிப் போகப் போகச் சப்பென்று முடிவது. நான் வேறு காரியத்துக்கு இழுக்கிறேன். முப்பது பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது பலித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு வரியில் கேட்டாலும் தோண்டித் தோண்டி எடுத்துவிடலாம். கடைசியில் என்ன ஆயிற்று என்று அவன் வந்து சொல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் ஊகித்ததோடு சரி.

பட்டறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், 2011இலிருந்து. அந்தப் போர் மோட்டாருக்கு அப்புறம் ஆரம்பித்தது. கோடு போட்ட நீள நோட்டு. ஒரு பக்கத்தில் மூன்று கட்டம்: என்ன சொன்னார், நான் என்ன நினைத்தேன், என்னவாக இருந்தது. முதல் வருடம் இரண்டாவது கட்டமும் மூன்றாவது கட்டமும் ஒத்துப்போனது பாதிகூட இல்லை. அதைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் கொஞ்ச நாள் நோட்டை நிறுத்தி வைத்தேன். அதற்கும் அய்யா ஒரு நூற்பா சொன்னார், மறந்துவிட்டது.

ஜூன் 15

நோட்டைப் படம் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். அதில் ஆட்களின் பெயரும் ஊரும் இருக்கிறது. போட மாட்டேன். அடுத்தவன் கோளாறு அவன் சொத்து.

ஜூன் 24

வந்துவிட்டார். அவர் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன், எழுத்துப்பிழை மட்டும் சரிசெய்தேன்.

"அண்ணா, கோபத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அப்புறம் ஊர் நோம்பி, வரவில்லை. 5 எச்.பி., த்ரீ பேஸ், 320 அடி. மோட்டார் ஓடவில்லை என்றேன் அல்லவா, உண்மையில் ஓடியது. பச்சை பட்டனை அமுக்கிப் பிடித்தால் ஓடும், கையை எடுத்தால் டக் என்று நின்றுவிடும். அதைத்தான் ஓடவில்லை என்று எழுதினேன். நடுவில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். நடுவில் ஒன்றும் நடக்கவில்லை, ரெண்டு நாளாகத் தென்னை மட்டைத் துண்டு ஒன்றைப் பட்டனுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகி ஓட்டிக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் மட்டை காய்ந்து நழுவிவிட்டது என்றார். எனக்கு அதுவே அன்றுதான் தெரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை இறக்கிவிட்டு ஸ்டார்ட்டரைத் திறந்தோம். உள்ளே எறும்பு. பக்கத்தில் இருக்கும் சின்னக் காண்டாக்ட் இடுக்கில் நசுங்கிச் செத்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். இப்போது பட்டனை ஒரு தடவை அமுக்கினால் போதும்."

ஜூன் 24, இரவு

பட்டனை விட்ட பிறகு ஸ்டார்ட்டரைப் பிடித்து வைப்பது அந்தச் சின்னக் காண்டாக்ட்தான். அது சேராவிட்டால் கை எடுத்ததும் விட்டுவிடும். "பிடித்தால் ஓடுகிறது" என்று முதல் நாள் சொல்லியிருந்தால் முப்பது பேரில் இருபது பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். சரி, விடுங்கள்.

தம்பி, அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பட்டனில் குச்சி செருகுவது கூடவே கூடாது. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். யாராவது அந்த நேரம் கேபிளில் கை வைத்திருந்தால் என்ன ஆகும்?

ஜூன் 25

நோட்டில் எழுதிவிட்டேன். என்ன சொன்னார்: ஓடவில்லை. நான் என்ன நினைத்தேன்: ஃபியூஸ். என்னவாக இருந்தது: எறும்பு, மட்டை.